பென்சில்வேனியக் கற்களும் மலையேற்றக் கோலின் முனையும்

மலையேற்றக் கோல் வாங்க வருகிறவர்கள் கடையில் கைப்பிடியை இறுக்கிப் பார்க்கிறார்கள், ஒரு விரலில் நிறுத்தி எடையைக் கணிக்கிறார்கள், கார்பனா அலுமினியமா என்று அரைமணி நேரம் வாதம் செய்கிறார்கள். தரையில் ஊன்றப்போகிற முனையைத் திருப்பிப் பார்ப்பவர் அபூர்வம். நெடுந்தூர நடையில் ஒரு கோல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சில நூறு முறை தரையைக் குத்துகிறது. அந்த அடி முழுவதையும் வாங்கிக்கொள்வது சில மில்லிமீட்டர் விட்டமே உள்ள ஓர் உலோகத் துண்டு. கோலின் மற்ற பாகங்கள் பத்தாண்டு உழைத்தாலும் இது உழைக்காது. உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை, ஏனென்றால் தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட பாகம் அது. அதைப் பராமரிப்பது பற்றியும், உரிய நேரத்தில் கழற்றி மாற்றுவது பற்றியும் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் வசிப்பது நியூ ஜெர்சியில். இங்கிருந்து மேற்கே காரில் போனால், டெலவர் ஆறு மலையை அறுத்துக்கொண்டு வெளியேறும் டெலவர் வாட்டர் கேப் வந்துவிடும். அப்பலாச்சியன் நெடும்பாதை அங்கேதான் ஆற்றைக் கடக்கிறது. ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தில் முடியும் இப்பாதை 14 மாநிலங்களின் வழியாக ஏறத்தாழ 3,500 கி.மீ. செல்கிறது. பென்டன் மக்கே 1921இல் முன்வைத்த யோசனை அது. 1937இல் பாதை முழுமையடைந்தது. ஒரே மூச்சில் ஐந்தாறு மாதங்களில் முழுவதையும் நடந்து முடிப்பவர்கள் உண்டு. என்னைப் போன்றவர்கள் விடுமுறை கிடைக்கும்போது துண்டு துண்டாக நடக்கிறோம். எனக்கு வாய்த்த துண்டு பென்சில்வேனியா. கோல்முனைகளைப் பற்றிக் கற்றுக்கொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் இந்தப் பாதையில் இல்லை என்றே நினைக்கிறேன். நடப்பவர்கள் அந்த மாநிலத்துக்கு 'ராக்சில்வேனியா' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

மாநிலத்தின் தென்பகுதியில், கம்பர்லேண்ட் பள்ளத்தாக்கின் வயல்வெளிகளுக்கு இடையே, பாதை சாதுவாகத்தான் போகிறது. சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் உள்ள டங்கனன் ஊரைத் தாண்டி முகட்டில் ஏறிய பிறகு கற்கள் தொடங்குகின்றன. அங்கிருந்து டெலவர் வாட்டர் கேப் வரையிலான சுமார் 240 கி.மீ. தூரமும் அவை வந்துகொண்டே இருக்கின்றன. இம்முகடுகளின் முதுகெலும்பு, 40 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய, குவார்ட்ஸ் செறிந்த மணற்கல்லும் கூழாங்கல் பாறையும் ஆகும். கடைசிப் பனியூழியில் பெரும் பனிப்பாளம் இம்முகட்டின் பெரும்பகுதியைத் தொடாமல் வடக்கேயே நின்றுவிட்டது. ஆனால் அதன் விளிம்பை ஒட்டி நிலவிய கடுங்குளிரில், பாறைப் பிளவுகளில் புகுந்த நீர் உறைவதும் உருகுவதுமாக இருந்து, முகட்டை உடைத்துக் கூரிய துண்டங்களாகப் பரப்பிவிட்டது. காலைப் பட்டையாக வைக்க இடமில்லாமல், செங்குத்தாக நிற்கும் கற்களின் விளிம்புகளில் மாறி மாறி மிதித்துப் போக வேண்டிய பாதை அது. ஜார்ஜியாவிலிருந்து வடக்கு நோக்கி வருகிற ஒருவர் டங்கனனை அடையும்போது 1,850 கி.மீ. அளவுக்கு நடந்து முடித்திருப்பார். அதாவது, முனை தேய்ந்து ஓய்கிற தறுவாயில்தான் அதற்கு மிகக் கடுமையான வேலை வந்து சேர்கிறது. புறப்படும்போது மாட்டிய முனையோடு டங்கனனைத் தாண்டக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

முனை என்று பொதுவாகச் சொல்லிவிட்டாலும் அதில் இரண்டு பாகங்கள் இருக்கின்றன. கோலின் அடித்தண்டு கீழே வரவரச் சற்றுக் குறுகிக் கூம்பாகிறது. அந்தக் கூம்பின் மேல் செருகப்படும் கடினமான பிளாஸ்டிக் பூண் ஒன்று. அந்தப் பூணின் அடியில் பதிக்கப்பட்ட டங்ஸ்டன் கார்பைடு துண்டு இன்னொன்று. உலக்கைக்குப் பூண் எதற்கோ அதற்கேதான் இதுவும்: அடி வாங்குவது பூணாக இருக்க வேண்டும், தண்டாக இருக்கக் கூடாது. பூணின் மேற்பகுதியில் ஒரு மரை இருக்கும். சேற்றிலும் பனியிலும் கோல் புதையாமல் தடுக்கும் வட்டத் தட்டை அதில்தான் திருகுகிறோம். பெரும்பாலான கோல்களில் பூணுக்கும் தண்டுக்கும் இடையே பசை எதுவும் கிடையாது. இறுக்கமும் உராய்வும் மட்டுமே அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு முறை ஊன்றும்போதும் அது இன்னும் சற்று இறுகுகிறது. இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், கழற்றுவதிலும் மாட்டுவதிலும் வருகிற சிக்கல்களில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

கார்பைடு என்ற பொருளின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்விளக்குக்கான டங்ஸ்டன் இழையை மெல்லியதாக இழுக்க வைர அச்சுகள் தேவைப்பட்ட காலத்தில், அவற்றுக்கு மலிவான மாற்றாக ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது அது. டங்ஸ்டன் கார்பைடுத் துகள்களைக் கோபால்ட்டுடன் கலந்து, அழுத்தி, சூளையில் இறுகச் செய்யும் முறைக்கு 1923இல் கார்ல் ஷ்ரோட்டர் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் குருப் நிறுவனம் அதை 'விடியா' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. கோவையில் லேத் பட்டறைக்குள் ஒருமுறையாவது நுழைந்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்காது. ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் கழற்றிய முனை ஒன்றைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, "விடியாவாட்டம் இருக்குதே கண்ணு" என்றார். "ஆமாங்க மாமா" என்றதும், நம்பாதவரைப் போல மேசையிலிருந்து ஒரு தட்டை அரத்தை எடுத்து முனையின் மேல் இழுத்தார். அரம் கிறீச்சென்று வழுக்கிப் போயிற்று. முனையில் ஒரு கீறலும் இல்லை, அரத்தின் பற்களில்தான் பளபளப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. பிறகு அதே அரத்தைப் பக்கத்தில் கிடந்த எஃகுப் போல்ட்டின் மேல் இழுத்துக் காட்டினார். துகள் உதிர்ந்தது. மலிவு விலையில் கிடைக்கும் பெயரில்லாத மாற்றுமுனைகளில் சில, கார்பைடு என்று சொல்லிக்கொண்டு கடினமாக்கிய எஃகில் வருகின்றன. அவற்றைப் பிரித்தறிய இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. காந்தத்தை வைத்துப் பார்ப்பது உதவாது, ஏனென்றால் கோபால்ட் கலந்திருப்பதால் கார்பைடும் காந்தத்தில் மெல்ல ஒட்டும்.

கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, டங்ஸ்டன் கார்பைடு சுமார் 9. அப்படியென்றால் குவார்ட்ஸ் பாறையில் கார்பைடு ஏன் தேய வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. தேய்வது துகள்கள் அல்ல, அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும் கோபால்ட். பாறைப் பொடி அந்த மென்மையான பிணைப்பைச் சிறிது சிறிதாக அரித்தெடுக்க, பிடிப்பிழந்த கார்பைடுத் துகள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடுகின்றன. இதனோடு, கூரிய கல்விளிம்பில் பக்கவாட்டில் இடிபடும்போது விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்வதும் உண்டு. கடினமான பொருள் என்பதால் அது நெளிந்து கொடுப்பதில்லை. மண்பாதையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாங்குகிற முனை, பென்சில்வேனிய முகட்டில் சில நூறு கிலோமீட்டரிலேயே மொட்டையாகிவிடுவது இதனால்தான். எனவே தூரத்தை மட்டும் கணக்கிட்டு மாற்றும் நேரத்தை முடிவு செய்வது பயன் தராது. முனையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எதைப் பார்ப்பது? புது முனையின் அடிப்பாகம் குழிவாக இருக்கும். குழியைச் சுற்றிலும் கூர்மையான ஒரு வளையம். பாறையைக் கவ்வுவது அந்த வளையம்தான், ஏனென்றால் நாம் கோலின் மேல் சாய்க்கும் எடை முழுவதும் அந்தக் குறுகிய விளிம்பில் குவிகிறது. நாள்போக்கில் வளையம் மழுங்கி, குழி மறைந்து, முனை உருண்டையாகிறது. நகத்தை அதன்மேல் குறுக்கே இழுத்தால் விளிம்பில் தடுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. பாறையில் ஊன்றும்போது எழும் ஒலியும் மாறும். கூர்மையான முனை 'டிக்' என்று சுருக்கமாக ஒலிக்கும், மழுங்கியது சற்று இழுபட்டு உரசும். ஈரமான சரிவுப் பாறையில் கோலை ஊன்றி மெல்லச் சாய்ந்து பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இவற்றைவிட முக்கியமானது, பிளாஸ்டிக்கிலிருந்து கார்பைடு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. நீட்டம் ஓரிரு மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டால், சாய்வாக ஊன்றும்போது பிளாஸ்டிக்கே பாறையில் பட ஆரம்பித்துவிடும். பிளாஸ்டிக் தேயத் தொடங்கியதும் கார்பைடின் பிடிமானம் தளர்ந்து, ஒருநாள் அது இருந்த இடத்தில் வெறும் துளை மட்டும் இருக்கும். அங்கிருந்து தண்டு தேய்வதற்கு அதிக நேரம் ஆகாது. அலுமினியத் தண்டாக இருந்தால் நுனி நசுங்கி விரிந்துபோகும், கார்பனாக இருந்தால் நார்நாராகப் பிரியும். நுனி விரிந்த தண்டில் புது பூண் ஏறாது. இருபது டாலருக்குச் சற்று முன்பின் விலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஒரு முழுக் கோலின் விலையில் போய் நிற்கும்.

முனை எப்போதும் ஒரு பக்கமாகவே தேயும். கோலை நாம் செங்குத்தாக ஊன்றுவதில்லை. பின்னோக்கிச் சாய்த்து ஊன்றித் தள்ளுகிறோம், ஆகவே விளிம்பின் ஒரு பகுதி மட்டும் அடி வாங்குகிறது. தண்டுகளை நீட்டிய அளவில் நிறுத்திவைக்கும் பூட்டு லீவர் வகையாக இருந்தால், சில நாள்களுக்கு ஒருமுறை பூட்டைத் திறந்து, அடித்தண்டை மட்டும் அரைச்சுற்று திருப்பிப் பூட்டிவிடுவது என் வழக்கம். தேய்வு பரவலாகி, முனையின் ஆயுள் கணிசமாகக் கூடுகிறது. திருகுப் பூட்டு உள்ள கோல்களில் இதை இவ்வளவு துல்லியமாகச் செய்ய முடியாது. மடித்து வைக்கும் வகைக் கோல்களில் பலவற்றில் கீழ்த்தண்டு தானாகவே சுழன்றுகொண்டிருக்கும். வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு ஒரு பக்கக் கோல் மற்றதைவிடச் சீக்கிரம் தேய்வதும் இயல்பே. கைவார் இடம், வலம் என்று பிரித்துத் தைக்கப்பட்டிருந்தால் கோலை அப்படியே மாற்றிப் பிடிக்க இயலாது, ஆனால் ஒரே மாதிரியான இணைக்கோல்களில் அடித்தண்டுகளை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம். எப்படியானாலும் புதியது மாட்டும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு கை கவ்வ, மறு கை வழுக்க நடப்பது எரிச்சல் தரும், இறக்கத்தில் ஆபத்தும்கூட.

மழுங்கியதைச் சாணை பிடித்துக் கூர்மையாக்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். சாதாரணச் சாணைக்கல் கார்பைடை அசைக்காது. வைரச் சக்கரத்திலோ சிலிக்கான் கார்பைடுச் சக்கரத்திலோதான் தீட்ட வேண்டும், அதில் எழும் சூடு சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். கோபால்ட் கலந்த அந்தத் தூசியைச் சுவாசிப்பதும் நல்லதல்ல. விட்டுவிடுங்கள்.

மாற்றுமுனை வாங்கும்போது நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. ஒரே நிறுவனத்தின் கோல்களிலேயே அடித்தண்டின் விட்டம் மாதிரிக்கு மாதிரி மாறும். ஒரே பெயரில் வந்த கோலும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கக்கூடும். கழற்றிய பிறகு தண்டின் நுனியில் ஒன்றும், கூம்பு தொடங்கும் இடத்தில் ஒன்றுமாக, வெர்னியர் காலிப்பர் வைத்து இரண்டு அளவுகள் எடுத்து எழுதி வைத்துக்கொள்வது உத்தமம். லெக்கியின் முனைகள் பொதுவாகப் பூணோடு சேர்ந்து முழுதாகக் கழன்று வருபவை. பிளாக் டைமண்ட் கோல்கள் பலவற்றில் பூணின் அடியில் மரை இருக்கிறது; முனையை மட்டும் குறடால் பிடித்துத் திருகிக் கழற்றிவிட்டுப் புதியதைத் திருகிவிடலாம். இது வசதியானதுதான். ஆனால் மாதக்கணக்கில் மண்ணும் நீரும் புகுந்து மரை இறுகிப்போயிருந்தால், வலுக்கட்டாயமாகத் திருகும்போது பூணே பிளந்துவிடலாம். இடையிடையே அதைக் கழற்றித் துடைத்து மாட்டி வைத்திருந்தால் அந்தத் தொல்லை வராது. தட்டின் மரையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. பூணை மாற்றும்போது பழைய தட்டு புதிய பூணில் ஏறுமா என்று பார்த்துவிடுங்கள்.

இனி, செருகும் வகைப் பூணைக் கழற்றும் முறைக்கு வருகிறேன். முதலில் கோலைப் பிரித்து அடித்தண்டை மட்டும் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிக்காமல் முழுக் கோலையும் பிடித்து இழுத்தால், இழுப்பு முழுவதும் பூட்டின் மேல் போய் விழும். தட்டைத் திருகி எடுத்துவிடுங்கள். ஒரு குவளையில், கொதித்து அடங்கிய நீரை ஊற்றி, பூண் மட்டும் மூழ்குமளவுக்குத் தண்டை ஓரிரு நிமிடம் நிறுத்தி வையுங்கள். பிளாஸ்டிக் சற்று இளகி விரிவதற்கு அவ்வளவு போதும். பிறகு தண்டை ஒரு பழைய துணியால் சுற்றி ஒரு கையில் இறுக்கிப் பிடித்து, பூணைக் குறடால் கவ்வி, இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே நேராக இழுக்க வேண்டும். திருகுவதுதான் இதில் முக்கியம். வெறுமனே இழுப்பது தோளுக்குத்தான் வேலை வைக்கும். முதல் முறை அசையாவிட்டால் மீண்டும் சூடாக்குங்கள். அது அசைந்த கணம் கைக்குத் தெரியும்: முதலில் ஒரு சிறு 'கிறுக்', பிறகு சுலபமாகச் சுழல ஆரம்பித்துவிடும்.

சூட்டுக்குச் சுடுநீரைத் தவிர வேறெதையும் பயன்படுத்த வேண்டாம். தீக்குச்சி, லைட்டர், அடுப்புத் தழல், பெயின்ட் உரிக்கும் சூட்டுத் துப்பாக்கி எல்லாமே பிளாஸ்டிக்கைக் கருக்குவதோடு, கார்பன் தண்டாக இருந்தால் இழைகளைப் பிணைத்திருக்கும் பிசினையும் கெடுத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறகு ஏதோ ஓர் இறக்கத்தில் எடை போட்டுச் சாயும்போது முறியும். கார்பன் தண்டை வைஸில் வைத்து நெரிப்பதும் இதே வகைதான். குழாய் வடிவப் பொருளான அது நீளவாக்கில் எவ்வளவு வலுவானதோ, பக்கவாட்டு நெரிசலுக்கு அவ்வளவு பலவீனமானது. பூணை மட்டும் வைஸில் கவ்வி, தண்டைக் கையால் திருகுவதில் தவறில்லை.

பூண் பாதியில் முறிந்து, மேல்பாதி மட்டும் தண்டில் தங்கிவிடுவதும் நடக்கும். இதைப் பொருளின் குறை என்று நினைக்க வேண்டாம். இரு கற்களுக்கு இடையே முனை சிக்கிக்கொள்ள, நாம் அடுத்த அடி எடுத்து வைக்கும்போது கோல் நெம்புகோலாகிறது. அப்போது ஏதாவது ஒன்று வளையவோ உடையவோ வேண்டும். தண்டு உடைவதற்கு முன் பூண் வளைய வேண்டும், வளைவதற்கு மேல் போனால் முறிய வேண்டும் என்றுதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் இப்படி முறிந்த பூண்கள் பாதையோரக் கற்களின் இடுக்கில் நிமிர்ந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எட்டினால் பிடுங்கிக் குப்பைப் பையில் போட்டுக்கொள்வது வழக்கம். தண்டில் தங்கிய மிச்சத்தை எடுக்க, சுடுநீரில் வைத்த பின், கூரிய கத்தியால் நீளவாக்கில் மெல்லக் கீறிக்கொண்டே வர வேண்டும். பிளாஸ்டிக்கின் கனம் முடியும் இடத்தில் கை நின்றுவிட வேண்டும். அலுமினியத்தில் விழும் மெல்லிய கோட்டைப் பற்றிக் கவலையில்லை, கார்பனில் அது வெடிப்பின் தொடக்கமாகிவிடும்.

பழையது வந்த பிறகு தண்டின் நுனியைத் துடையுங்கள். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது அரிப்பு; மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடலாம். கார்பன் நுனியில் பிசிறு தெரிந்தால், உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பதும் மூக்கை மூடிக்கொள்வதும் அவசியம், அந்தத் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. தண்டும் பூணும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெயோ சோப்போ தடவினால் சுலபமாக ஏறும். அதே சுலபத்தோடு முதல் சேற்றில் கழன்றும் போகும். புது பூணைக் கையால் முடிந்தவரை திருகி அழுத்திவிட்டு, தண்டைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு மரப்பலகையின் மேல் முனை படும்படி நான்கைந்து முறை ஓங்கி இறக்கினால் போதும். மேலிருந்து சுத்தியலால் அடிப்பது தேவையற்றது. மீதி இறுக்கத்தை நடையே கொடுத்துவிடும். ஆகவே முதல் சில கிலோமீட்டரை ஆழமான சேற்றில் தொடங்காமல் இருந்தால் நல்லது.

புதியது தளர்வாக இருந்தால் முதலில் அளவு சரிதானா என்று மறுபடி பாருங்கள். மயிரிழை வித்தியாசம்தான் என்றால், தண்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒரு சுற்று வைத்துச் செருகினால் பிடித்துக்கொள்ளும். சூப்பர் குளூவும் எபாக்சியும் ஊற்றி ஒட்டுவோரிடம் எனக்கு உடன்பாடில்லை. இந்த முனையும் தேயத்தான் போகிறது. அப்போது அதைக் கழற்றப் போகிறவரும் நாமேதான். ஒட்டியே ஆக வேண்டுமானால், சூடுபட்டால் இளகும் பசைக்குச்சி பரவாயில்லை.

வீட்டில் செய்ய வேண்டிய வேலையை நடைபாதையில் செய்யும்படி வைத்துக்கொள்ளாதிருப்பதே நல்லது. ஆனால் மாதக்கணக்கில் நடப்பவர்களுக்கு வீடு ஏது? அவர்களுக்கு டங்கனன் வசதியான இடம். அமெரிக்க அஞ்சலகங்களில், பெறுநர் வந்து கேட்கும்வரை, அதிகபட்சம் 30 நாள், பொதியை வைத்திருக்கும் ஜெனரல் டெலிவரி முறை இருக்கிறது. புறப்படும் முன்பே அளவெடுத்து வாங்கிய முனைகளை, வீட்டிலிருப்பவரைக் கொண்டு அங்கே அனுப்பச் சொல்லிவிடலாம். பாதையோர ஊர்களின் கடைகளில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போனால், நம் கோலுக்கு உரியது மட்டும் அன்று இருப்பில் இருக்காது. சுடுநீருக்குச் சமையல் அடுப்பும் பாத்திரமும் கையிலேயே இருக்கின்றன. குறடு இல்லாதவர்கள் இரண்டு கற்களின் இடுக்கில் பூணைச் செருகித் திருகுவதைப் பார்த்திருக்கிறேன். அது வேலை செய்கிறது, ஆனால் பதற்றத்தோடு செய்தால் தண்டையும் சேர்த்து வளைத்துவிடும். முனை பறிபோய்விட்ட கோலை அப்படியே ஊன்றி நடக்காமல், நுனியில் ரப்பர் புஷ்ஷை மாட்டி, டக்ட் டேப்பால் சுற்றிக்கொண்டு அடுத்த ஊர்வரை ஒப்பேற்றலாம், தண்டு பிழைத்துக்கொள்ளும்.

ரப்பர் புஷ் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதைப் பலர் பெட்டிக்குள் கோல் மற்றத் துணிமணிகளைக் குத்தாமலிருக்கத் தந்த மூடி என்று மட்டும் எண்ணிவிடுகிறார்கள். தார்ச்சாலையிலும் சிமென்ட் நடைபாதையிலும் அதை மாட்டிக்கொண்டால் கார்பைடு மிச்சமாகும், மணிக்கட்டுக்கு அதிர்வும் குறையும், உடன் வருகிறவர்களின் காதுக்கும் நிம்மதி. காய்ந்த பாறையில் ரப்பர் நன்றாகவே பிடிக்கும். ஈரப் பாறையிலும் சேற்றிலும் இலைச்சருகிலும் அதை நம்ப முடியாது. சேறு அதை உறிஞ்சிப் பிடுங்கிக்கொள்ளும், நமக்குத் தெரியவும் தெரியாது. மெல்லிய மூடியாக வருவது சில நாளில் துளைபட்டுவிடும் என்பதால், உள்ளே ஒரு வாஷர் வைத்துத் தயாரிக்கப்பட்ட கனமான வகையை வாங்குவது நல்லது. பெருவின் இன்கா பாதையில் ரப்பர் மாட்டாத கோல்களுக்கு அனுமதியே இல்லை, பழங்காலக் கற்படிகள் கீறுபடும் என்பதால். அப்பலாச்சியன் பாதையில் அப்படி விதி இல்லாவிட்டாலும், கூட்டம் அதிகம் நடக்கும் பாறைகளில் பாசியை உரித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடுவதைப் பார்க்கலாம். நம் வெள்ளியங்கிரியில் அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் தடி பாறையை ஒன்றும் செய்வதில்லை, அதன் அடிதான் நாராகப் பிரிந்துபோகிறது. அங்கே கார்பைடு முனைக் கோலோடு போகிறவர்கள் படிக்கட்டுப் பகுதியிலாவது ரப்பரை மாட்டிக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

கோல்களை எடுத்து வைத்துவிட வேண்டிய இடங்களும் உண்டு. பாமர்ட்டன் ஊரருகே லீஹை கேப்பிலிருந்து வடக்கே ஏறும் பாதை அவற்றில் ஒன்று. 1898 முதல் 1980 வரை நடந்த துத்தநாக உருக்காலைகளின் புகையால் அந்த மலைச்சரிவின் மரங்கள் பட்டுப்போய், மண் அரிக்கப்பட்டு, பாறை வெளியே வந்துவிட்டது. 1983இல் அரசு அதை மாசகற்ற வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. இரண்டு கைகளாலும் பற்றி ஏற வேண்டிய பாறைக்குவியல் அது. அங்கே கோலை ஊன்றினால் முனை இடுக்கில் சிக்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அடிவாரத்திலேயே சுருக்கிப் பையில் கட்டிவிடுவது முனைக்கும் நல்லது, நமக்கும் நல்லது. சாதாரணக் கற்பாதையில் வட்டத் தட்டைக் கழற்றாமல் வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: முனை இடுக்கில் ஒரு விரற்கடைக்கு மேல் இறங்காமல் அது தடுத்துவிடும். புதரில் மாட்டுகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிடுபவர்கள் பூணை அடிக்கடி முறிக்கிறார்கள்.

நடை முடிந்து வந்ததும் கோலை மூன்று துண்டாகப் பிரித்து, பூணையும் தட்டின் மரையையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நிழலில் காய வைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். ஈரத்தோடு பூட்டி வைத்த அலுமினியத் தண்டுகள் உள்ளே அரித்து ஒட்டிக்கொள்ளும். உள்ளே எண்ணெய் விடக் கூடாது, பூட்டு வழுக்கிவிடும். புது முனை மாட்டியதும் கோல் சில மில்லிமீட்டர் நீண்டிருக்கும் என்பதால், பழைய அளவுக் கோட்டிலேயே பூட்டாமல் ஒருமுறை நின்று முழங்கை மடிப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய முனைகளில் குழி இன்னும் லேசாகத் தெரிகிற ஒரு இணையை நான் எறிவதில்லை; ஒரு சிறிய உறையிலிட்டு, மேலே அளவை எழுதி, முதலுதவிப் பெட்டிக்குள் டேப் சுருளோடு வைத்துவிடுகிறேன். வழியில் யாருக்காவது அளவு பொருந்தினால் எடுத்துக் கொடுக்கவும் அது உதவுகிறது.